வீட்டில் ஒருவருக்குக் கணினி வாங்கப் போகிறீர்களா? குறைந்த செலவில் சரியாகத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் பெரியம்மாவுக்கு நான் முதலில் வாங்கிக் கொடுத்த லேப்டாப் பார்க்க அழகாக இருந்தது. மெல்லியது, எடை குறைவு, விலையும் குறைவு. உள்ளே 4 ஜிபி ரேம் (திறந்திருக்கும் வேலைகளை வைக்கும் தற்காலிக நினைவகம்), 64 ஜிபி சேமிப்பு. மூன்றே மாதத்தில், விண்டோஸ் அப்டேட் இறங்க இடமில்லை என்று தினமும் ஒரு எச்சரிக்கை வர ஆரம்பித்தது. பிரவுசரைத் திறந்தால் பக்கம் வந்து சேர்வதற்குள் அவர் இரண்டு மூன்று முறை சொடுக்கிவிடுவார். அப்புறம் எல்லாம் சேர்ந்து மூன்று பக்கமாகத் திறக்கும். "எனக்கு இதெல்லாம் வராதுப்பா, வயசாயிடுச்சு" என்று மூடி வைத்துவிட்டார்.

அவருக்கு வராமல் இல்லை. நான் வாங்கிய பொருள்தான் சரியில்லை. வேறு கணினி மாற்றிக் கொடுத்த பிறகு அதே பெரியம்மா வீடியோ அழைப்பு, வங்கிக் கணக்கு, பழைய புகைப்படங்களை ஆண்டு வாரியாக அடுக்குவது எல்லாவற்றையும் தானே செய்கிறார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் மெதுவான கணினியைக் குறை சொல்வதில்லை, தங்களைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள். விலை குறைவாக இருக்கட்டும், ஆனால் பயன்படுத்துபவரைத் தாழ்வாக நினைக்க வைக்காத கணினியாக இருக்கட்டும். கீழே சொல்லும் எல்லாமே இதை மனத்தில் வைத்துத்தான்.

இணையம், மின்னஞ்சல், படிவங்கள், வீடியோ அழைப்பு, படம் பார்ப்பது, பள்ளி கல்லூரி வேலை, கொஞ்சம் கணக்கு வழக்கு என்ற அன்றாட வேலைகளுக்கான வழிகாட்டி இது. பெரிய விளையாட்டுகளும் வீடியோ எடிட்டிங்கும் தனிக் கணக்கு.

படி 1: அவருடன் அரை மணி நேரம் உட்காருங்கள்

"என்ன கணினி வேண்டும்?" என்று கேட்டால் "ஏதோ ஒண்ணு, நீயே பாரு" என்றுதான் பதில் வரும். ஆகவே அப்படிக் கேட்காதீர்கள். இப்போது போனில் என்னென்ன செய்கிறார், எதைச் செய்யும்போது சலித்துக்கொள்கிறார் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்கப் போராடுகிறாரா? நீண்ட படிவத்தை நிரப்பும்போது பாதியில் விட்டுவிடுகிறாரா? அச்சிட வெளியே ஓடுகிறாரா?

பிறகு எங்கே உட்கார்ந்து பயன்படுத்துவார் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கான பதில் பாதித் தேர்வை முடித்துவிடும். ஒரே மேசையில்தான் என்றால் லேப்டாப் தேவையே இல்லாமல் போகலாம். கட்டிலிலும் சோபாவிலும் மாறி மாறி உட்காருபவருக்கு டெஸ்க்டாப் வாங்கிக் கொடுத்தால் அது தூசி படிந்து கிடக்கும்.

கை நடுக்கம், கண்பார்வை, காது கேட்பது ஆகியவற்றையும் கூச்சப்படாமல் விசாரியுங்கள். கை நடுங்குகிறவருக்கு டச்பேட் ஒரு தண்டனை. அவருக்கு ஒரு நல்ல மவுஸ், கணினியின் மூளையான ப்ராசசர் இரண்டு மடங்கு வேகமாக இருப்பதைவிடப் பயன்படும்.

படி 2: வீட்டில் இருக்கும் பழையதை ஒருமுறை பாருங்கள்

பழைய கணினி ஒன்று மூலையில் கிடந்தால் புதிது வாங்கும் முன் அதைத் திறந்து பார்ப்பது நல்லது. அதில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதன் மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். அதற்குப் பதில் எஸ்எஸ்டி என்ற, நகரும் பாகம் இல்லாத சேமிப்பில் சாதாரணமான ஒன்றை மாற்றி, ரேமை 8 ஜிபி ஆக்கினாலே வேறு கணினி போல ஓடும். செலவும் புதிய கணினியில் சிறு பங்குதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. தனிநபர்களுக்குக் கொடுத்த கூடுதல் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பும் ஓராண்டுக்குத்தான் அறிவிக்கப்பட்டது. எனவே பழைய கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்பதுதான் முக்கியமான கேள்வி. இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். ஏஎம்டி ரைசன் என்றால் 3000 வரிசையிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருக்க வேண்டும். சில கணினிகளில் அது இருந்தும் பயாஸ் அமைப்பில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

ஏற்காத கணினி என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, பிரவுசரையும் லிப்ரேஆஃபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளையும் மட்டும் முன்னால் வைத்துக் கொடுக்கலாம். இணையமும் வீடியோவும் மட்டும் போதும் என்பவருக்கு இது நன்றாகவே ஒத்துவரும். ஏதாவது சிக்கல் வந்தால் எட்டிப் பார்க்க நீங்கள் அருகில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் தேவைப்படுபவருக்கு இந்த வழி வேண்டாம்.

படி 3: லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

எல்லோரும் யோசிக்காமல் லேப்டாப் பக்கம் போகிறார்கள். ஒரே இடத்தில் உட்காருபவருக்கு நான் சொல்வது வேறு: ஒரு மினி பிசி, 24 அங்குல மானிட்டர், தனிக் கீபோர்டு, மவுஸ். மினி பிசி என்பது ஒரு தடித்த புத்தகம் அளவு பெட்டி. மானிட்டரின் பின்னாலேயே மாட்டிவிடலாம். அதே செலவில் கிடைக்கும் லேப்டாப்பைவிடத் திரை பெரிது, கழுத்து குனியாது, பேட்டரி கெட்டுப்போகும் கவலை இல்லை. ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம்.

குறைகளும் உண்டு. மின்சாரம் போனால் உடனே அணைந்துவிடும், அடிக்கடி மின்தடை ஏற்படும் இடம் என்றால் யூபிஎஸ் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமராவும் மைக்கும் தனியாக வாங்க வேண்டும். சில மானிட்டர்களில் ஸ்பீக்கர் இருக்காது. பழைய அலுவலக டெஸ்க்டாப்கள் பலவற்றில் வைஃபை இருக்காது. கடைசிக் கணக்கில் இந்தச் சில்லறைச் செலவுகள்தான் கையைக் கடிக்கும்.

திரையும் கணினியும் ஒன்றாக இருக்கும் ஆல்-இன்-ஒன் மேசையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் திரை போனால் மொத்தமும் போகும், பழுது பார்ப்பதும் கடினம். குறைந்த செலவு என்பது நோக்கமானால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: பணம் எதற்குப் போக வேண்டும்?

விளம்பரங்களில் ப்ராசசரின் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். அன்றாட வேலைக்கு நான் வைக்கும் வரிசை அப்படியே தலைகீழ்: முதலில் எஸ்எஸ்டி, அடுத்து ரேம், அடுத்து திரை, கடைசியில்தான் ப்ராசசர்.

எஸ்எஸ்டி. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தகவலை எடுக்க உள்ளே தட்டு சுழன்று முள் நகர வேண்டும். அதற்குப் பத்து மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை, நூறு மடங்கு விரைவாக எடுத்துவிடும். கணினியைத் திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சிறு தகவல்களை எடுக்க வேண்டியிருப்பதால்தான் வித்தியாசம் அவ்வளவு தெரிகிறது. 256 ஜிபி குறைந்தபட்சம். புகைப்படம் நிறைய வைத்திருப்பவருக்கு 512 ஜிபி. எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை சொல்வார்கள். வேகத்தில் பெரிய வேறுபாடு உண்டு என்றாலும் இந்த வேலைகளுக்கு இரண்டுமே போதும். இஎம்எம்சி என்று எழுதியிருந்தால் மட்டும் விலகிவிடுங்கள். பெரியம்மாவின் முதல் லேப்டாப்பில் இருந்தது அதுதான். மெதுவானது, தாய்ப்பலகையிலேயே ஒட்டப்பட்டிருக்கும், மாற்ற முடியாது.

ரேம். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் குறைந்தபட்ச வரையறை கொடுத்திருக்கிறது. நிறுவுவதற்கு அது போதும், நிம்மதியாக வேலை செய்யப் போதாது. பிரவுசரில் பத்துப் பக்கம், ஒரு வீடியோ அழைப்பு என்று ஆனதும் ரேம் நிறைந்து, மிச்சத்தை சேமிப்பில் எழுதி எழுதி எடுக்க ஆரம்பிக்கும். அப்போதுதான் திணறல். 8 ஜிபி அவசியம், ஐந்தாறு வருடம் ஓட வேண்டும் என்றால் 16 ஜிபி. கடையில் 8 ஜிபி மட்டும் இருந்தால் பரவாயில்லை, ஆனால் பின்னால் கூட்ட ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். பல மெல்லிய லேப்டாப்களில் ரேமும் ஒட்டப்பட்டிருக்கும். பார்க்கும் கணினி ஓடிக்கொண்டிருந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை நிறைந்திருக்கிறது என்று பெரும்பாலும் காட்டிவிடும்.

திரை. 1366×768 என்ற பழைய அளவு இன்னும் சில மலிவான லேப்டாப்களில் வருகிறது. வேண்டாம். பாதிப் பக்கம்தான் தெரியும், மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். 1920×1080 இருக்கட்டும். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் அமைப்பில் 125 அல்லது 150 சதவீதமாகப் பெரிதாக்கினால் சரியாகிவிடும். ஐபிஎஸ் வகைத் திரையா என்று பாருங்கள். டிஎன் வகையில் கொஞ்சம் மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் வெளிறிப்போகும். வீடியோ அழைப்பில் வீட்டார் நாலு பேர் சேர்ந்து உட்காரும்போது அது நன்றாகவே தெரியும்.

ப்ராசசர். பெயரைவிடத் தலைமுறையைப் பார்க்க வேண்டும். "ஐ7" என்று சொன்னதும் மயங்காதீர்கள். பத்து வருடப் பழைய ஐ7-ஐவிடச் சமீபத்திய ஐ3 இந்த வேலைகளுக்கு நன்றாக ஓடும், மின்சாரமும் குறைவாக இழுக்கும். இன்டெல் ஐ வரிசையில் கோட்டுக்குப் பின் வரும் எண்ணின் தொடக்க இலக்கம்தான் (சிலவற்றில் முதல் இரண்டு இலக்கம்) தலைமுறை: ஐ5-8250யு என்றால் 8ஆம் தலைமுறை, ஐ3-1215யு என்றால் 12ஆம் தலைமுறை. ரைசனில் இன்னும் கவனம் வேண்டும். 7000 வரிசை லேப்டாப் ப்ராசசர்களில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். 7520யு என்பது புது எண்ணோடு வந்தாலும் உள்ளே ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு, 7530யு என்பது அடுத்து வந்த ஜென் 3. அன்றாட வேலைக்கு முதலாவதும் ஓடும், ஆனால் இரண்டுக்கும் ஒரே விலை கேட்டால் எதை எடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். மிகக் குறைந்த செலவில் மினி பிசி என்றால் 2023இல் வந்த இன்டெல் என்100 நல்ல தேர்வு. நான்கு கோர் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) கொண்டது. இரண்டே கோர் கொண்ட செலரான் என்4020 போன்றவற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

தனிக் கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. டச் ஸ்கிரீனும் அவர் கேட்டால் மட்டும்.

படி 5: எந்த இயங்குதளம்?

அவருக்கு ஏற்கெனவே எது பழக்கமோ அதுவே. பழகிய இடத்தில் பட்டன் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று கணினியோடு வளர்ந்தவர்களுக்குப் புரியாது. முற்றிலும் புதியவர் என்றால் யார் உதவப் போகிறார் என்று பாருங்கள். உதவுபவருக்குத் தெரிந்ததை வாங்குங்கள்.

பிரவுசர் மட்டுமே போதும் என்பவருக்கு, கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் லேப்டாப்பான குரோம்புக் நன்றாக இருக்கும். வைரஸ் தொல்லை குறைவு, சீக்கிரம் திறக்கும். ஆனால் ஒவ்வொரு குரோம்புக்குக்கும் அப்டேட் முடியும் தேதி ஒன்று உண்டு. 2021 முதல் வந்த மாடல்களுக்கு அது பத்து ஆண்டு. நீங்கள் வாங்கும் நாளிலிருந்து அல்ல, அந்த மாடலின் அடித்தளம் வெளியான நாளிலிருந்து எண்ணப்படும். மலிவு விலையில் பழைய ஸ்டாக் கொடுக்கிறார்கள் என்றால் முதலில் அந்தத் தேதியைத் தேடிப் பாருங்கள்.

வீட்டில் எல்லோரும் ஐபோன் என்றால், 2020இல் வந்த எம்1 மேக்புக் ஏர் பயன்படுத்தியதாகக் கிடைப்பதையும் பரிசீலிக்கலாம். இன்டெல் சிப் கொண்ட பழைய மேக்குகள் வேண்டாம். அவற்றில் சிலவற்றை ஏற்கும் கடைசிப் பதிப்பு மேக்ஓஎஸ் 26தான் என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது.

புது விண்டோஸ் லேப்டாப்பில் "எஸ் மோடு" என்று இருந்தால் பயப்பட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளவற்றை மட்டும்தான் நிறுவ விடும். அதிலிருந்து வெளியேறக் கட்டணம் இல்லை, ஆனால் வெளியேறினால் திரும்ப முடியாது.

படி 6: புதிதா, பயன்படுத்தியதா?

கையில் உள்ள பணம் மிகக் குறைவு என்றால், அதே பணத்துக்குக் கிடைக்கும் மலிவான புதியதைவிட, நிறுவனங்கள் பயன்படுத்திவிட்டு விற்ற தரமான பழையதையே நான் வாங்குவேன். திங்க்பேட் டி வரிசை, டெல் லாட்டிட்யூட், எச்பி எலைட்புக் ஆகியவை அலுவலகத்தில் தினமும் எட்டு மணி நேரம் உழைக்கவென்று செய்யப்பட்டவை. கீபோர்டு உறுதியாக இருக்கும், உதிரி பாகங்கள் எளிதில் கிடைக்கும், பெரும்பாலும் மூடியைத் திறந்து ரேமையும் எஸ்எஸ்டியையும் மாற்றலாம். 2018இல் வந்த திங்க்பேட் டி480-இல் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை ப்ராசசர் இருக்கும், இரண்டு ரேம் ஸ்லாட்டும் உண்டு. 8ஆம் தலைமுறை என்றால் விண்டோஸ் 11 ஓடும். மினி பிசி வேண்டும் என்றால் டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி என்று தேடுங்கள்.

நேரில் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். கணினியை முழுதாக அணைத்துவிட்டுத் திரும்பத் திறக்கச் சொல்லுங்கள். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருக்கக்கூடும். பயாஸில் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்து அது அவருக்குத் தெரியாவிட்டால் அந்தக் கணினி வேண்டாம். பழைய நிறுவனத்தின் நிர்வாகப் பூட்டு இன்னும் நீக்கப்படாமல் இருந்தால், விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது அந்த நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவுத் திரை வரும். மேக் என்றால் ஆக்டிவேஷன் லாக், அதாவது பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கோடு பிணைந்த பூட்டு. இவை எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: எல்லாம் அழித்துப் புதிதாக அமைத்த நிலையில், முதல் திரையிலிருந்து உங்கள் கண்முன் இணையத்தோடு சேர்த்துத் திறந்து காட்டச் சொல்வது.

அடுத்து ஒரு வெள்ளைப் பக்கத்தையும் ஒரு கறுப்புப் பக்கத்தையும் திரை முழுக்க வைத்துப் புள்ளிகளும் கறைகளும் இருக்கின்றனவா பாருங்கள். ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து எல்லா எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். யூஎஸ்பி துளை ஒவ்வொன்றிலும் பென் டிரைவ் செருகுங்கள். கேமரா, மைக், ஸ்பீக்கர், வைஃபை. மூடியை மெதுவாகத் திறந்து மூடி, கீல் இறுகியும் இல்லாமல் தொங்கியும் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தைக் காட்ட கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் உண்டு. விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளையும் இருக்கிறது. அதில் பேட்டரி செய்யப்பட்டபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் கொள்ளளவும் இருக்கும். இரண்டாவது முதலாவதில் பாதியாகியிருந்தால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். அடிப்பாகம் வீங்கி, மேசையில் வைத்தால் ஆடும் லேப்டாப்பை எந்த விலைக்கும் தொடாதீர்கள். வீங்கிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது.

எழுத்தில் பில்லும் திருப்பிக் கொடுக்கும் அவகாசமும் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

படி 7: கையில் கொடுப்பதற்கு முன் ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. பெட்டியோடு கொடுத்துவிட்டு வருவது, பாதி கட்டிய வீட்டின் சாவியைக் கொடுப்பது போல.

எல்லா அப்டேட்டுகளையும் முடியும்வரை போடுங்கள், பழைய கணினியில் இதற்கே சில மணி நேரம் ஆகலாம். சோதனைக் காலத்துக்கு மட்டும் வந்திருக்கும் ஆன்டிவைரஸை நீக்கிவிடுங்கள். முப்பது நாள் கழித்து "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது" என்று அது பயமுறுத்தும், அவர் பயந்து பணம் கட்டிவிடுவார். விண்டோஸில் உள்ள டிஃபெண்டர் இந்தப் பயன்பாட்டுக்குப் போதும். பிரவுசரில் தளங்கள் அறிவிப்பு அனுப்பும் அனுமதியை மொத்தமாக அணைத்துவிடுங்கள். வயதானவர்களின் கணினியில் வரும் போலி வைரஸ் எச்சரிக்கைகளில் நிறைய இந்த வழியாகத்தான் வருகின்றன.

அவருக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு, உங்களுக்கு நிர்வாகிக் கணக்கு என்று இரண்டு வையுங்கள். ஏன் என்று அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள், மறைத்துச் செய்தால் மனம் நோகும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைக்கும்போது பல கணினிகளில் சேமிப்பு தானாகவே குறியாக்கம் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படும். அதன் மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு தொலைந்து, கணினியும் மீட்புச் சாவி கேட்டால் உள்ளே உள்ள படங்கள் எதுவும் திரும்பாது. சாவியைத் தாளில் அச்சிட்டு, வீட்டின் முக்கிய ஆவணங்களோடு வையுங்கள். கூடவே படங்களுக்கு ஒரு வெளி டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள்.

எழுத்தளவையும் மவுஸ் அம்பையும் பெரிதாக்குங்கள், தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து எப்படி மாற்றுவது என்று காட்டுங்கள். முகப்பில் அவர் தொடும் நாலைந்து ஐகான்கள் மட்டும் இருக்கட்டும். தொலைவிலிருந்து உதவ விண்டோஸில் குவிக் அசிஸ்ட் இருக்கிறது. அதை ஒருமுறை இருவரும் சேர்ந்து முயன்று பார்த்துவிட்டு, "நான் போன் பண்ணி என் குரலில் கேட்டால் மட்டும்தான் இதைத் திறக்கணும். கம்பெனியிலிருந்து பேசறோம்னு யார் சொன்னாலும் போனை வெச்சிடுங்க" என்று சொல்லுங்கள். இதே வசதியை ஏமாற்றுக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள். நான் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது மானிட்டரின் ஓரத்தில் ஒரு சிறு தாள் ஒட்டியிருந்தது. கேட்க நினைத்த ஆறு கேள்விகளை எழுதி வைத்திருந்தார். நான்கை அதற்குள் அவரே கண்டுபிடித்து அடித்துவிட்டிருந்தார். மிச்சம் இரண்டும் பிரிண்டரைப் பற்றி.